சோப்புப் போட்டுத் தேய்த்த மின்சாரம்

ஒரு காலத்தில் எனக்கு இருந்த ஒரே கூட்டாளிகளை, தேங்காய் நாரும் துணி சோப்பும் போட்டுத் தேய்த்துச் சாக்கடையில் விட்டவன் நான். அதுவும் பக்தியோடு.

இரண்டாயிரத்து ஏழு, எட்டு வாக்கில் கும்மிடிப்பூண்டியில் ஒரு பழச்சாறு கம்பெனியின் கழிவுநீர்ப் பிரிவில் வேலை. பிரிவு என்றால் ஒரு ஷெட், இரண்டு தொட்டி, நான். புளித்த மாம்பழ நாற்றத்துக்கு நாய்கூட வராது. (ஒரு தடவை வந்தது. தொட்டியை மோந்தது, என்னை ஒரு பார்வை பார்த்தது, திரும்பிவிட்டது.) பொன்னேரியில் தனியாக ஒரு ரூம். ரயிலில் யாராவது "டைம் இன்னா சார்?" என்று கேட்டால், அன்றைக்கு நான் பேசிய பேச்சு அதுதான்.

அப்போதுதான் சென்னையில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த வசந்தி மேடம், ஆறு பிளாஸ்டிக் டப்பாக்களை என் ஷெட்டில் கொண்டுவந்து வைத்தார். உள்ளே கறுப்புக் கார்பன் துணி. எங்கள் கழிவுநீரை ஊற்றினால் அதிலுள்ள சர்க்கரையை நுண்ணுயிர்கள் தின்னும். தண்ணீரும் சுத்தமாகும், கொஞ்சம் மின்சாரமும் வரும். ஆறையும் ஒயரில் கோத்தால் ஒரு சின்னச் சிவப்பு பல்பு எரியும்.

"குழாய் வழியா தண்ணி மாத்துங்க, அளவு எழுதுங்க. டப்பாவ மட்டும் திறக்காதீங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூன்று வாரத்தில் பல்பு எரிந்தது. நான் அதற்கு குட்மார்னிங் சொல்ல ஆரம்பித்தேன். நாஷ்டா பொட்டலத்தை அதன் எதிரில்தான் பிரிப்பேன். ஞாயிற்றுக்கிழமைகூட ரயிலேறி வந்து பார்த்துவிட்டுப் போவேன்.

மேனேஜருக்கு அந்த இடத்தில் பழைய இரும்பைப் போட வேண்டும். "ஆயுத பூஜைக்கு சுத்தி வரும்போது பாக்கறேன். எரிஞ்சா இருக்கட்டும். இல்லேன்னா எல்லாத்தையும் வண்டி ஏத்திடு" என்றார்.

டப்பா போய்விடுமே என்று பாதி பயம். மீதிப் பாதி பூரிப்பு. நான்கு வருடமாக மிஷின் மிஷினாகப் பொட்டு வைத்து வரும் கூட்டம், என் மூலைக்கு முன்னாலேயே திரும்பிவிடும். எனக்குப் பொரி மட்டும் செக்யூரிட்டி கையில் வரும். இந்த வருடம் ஆட்களே வரப்போகிறார்கள்!

பூஜைக்கு முந்தின நாள் மதியம் கம்பெனி முழுக்கக் கழுவிக்கொண்டிருந்தார்கள். என் டப்பா மட்டும் அழுக்காக நிற்பதா? திறந்தேன். துணிமேல் கொழகொழவென்று பழுப்பாக ஒரு படலம். சே, இத்தனை அழுக்கோடா பாவம் வேலை செய்தீர்கள்! நுண்ணுயிர்களுக்கு ஆபத்து வரக்கூடாதென்று தண்ணீரைப் பத்திரமாக வாளியில் எடுத்து மூடி வைத்தேன். (அறிவாளி.) பிறகு ஒவ்வொரு துணியாகத் தேய்த்து, அலசி, வெயிலில் காயப் போட்டு, திரும்ப மாட்டி, தண்ணீரை ஊற்றி, ஆறுக்கும் சந்தனம், குங்குமம். பல்பு எரியவில்லை. குளித்த அசதி, காலையில் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் வந்தார்கள். முப்பது பேர், மூக்கில் கர்ச்சீப். மேனேஜர் கற்பூரம் காட்டினார். எல்லோரும் பல்பைப் பார்த்தார்கள். எரிந்தது கற்பூரம் மட்டும்தான்.

"இன்னா சார், கரண்ட் குடுக்கறதுக்கே கரண்ட் கட்டா?" என்றது ஒரு குரல். சிரிப்பு அடங்குவதற்குள் கூட்டம் பூசணிக்காய் உடைக்கப் போய்விட்டது.

வசந்தி மேடத்துக்கு போன் போட்டு, டப்பாவைத் திறந்து துணியைக் கழுவியதைச் சொன்னேன்.

"துணி மேல கொழகொழன்னு இருந்துதே, அது?"

"அழுக்கு மேடம். சுத்தமா தேச்சிட்டேன்."



"சார், கரண்ட் குடுத்ததே அதுங்கதான். துணியில ஒட்டிக்கிட்டுதான் இருக்கும்."

"தண்ணிய பத்திரமா எடுத்து வெச்சேனே மேடம்?"

"அது அதுங்களோட சாப்பாடு சார்."

(இன்றைக்கும் நான் பாத்திரம் தேய்க்க எழுந்தால் என் மனைவி, "உள்ள குடும்பம் எதுனா இருக்கப் போவுது, பாத்துக்கினு தேயுங்க" என்பாள்.)

மறுபடி வளர மூன்று வாரம் வேண்டும். மேனேஜர் மூன்று நாள்கூடத் தரவில்லை. டப்பாக்களை வண்டியில் ஏற்ற பாய்லர் ஆபரேட்டர் மஸ்தான் பாய் கை கொடுத்தார். பழவேற்காட்டுக்காரர். அவர் பாய்லர் என் ஷெட்டிலிருந்து ஐம்பது அடிதான். நான்கு வருடத்தில் நாங்கள் பேசிக்கொண்டது அன்றுதான். எல்லோரும் ஒரு தடவையாவது என் ஷெட்டுக்கு வர வேண்டும் என்றுதான் அவ்வளவும் தேய்த்தேன் என்று அவரிடம் உளறிவிட்டேன். அவர் கடைசி டப்பாவை ஏற்றி, கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"ஆளு வரணும்னா, 'வா பாய், ஒரு டீ குடிச்சிக்கினு போ'ன்னு கூப்புட வேண்டிதுதானய்யா? அதுக்கு இன்னாத்துக்கு பல்பு?"