ராட்சசன் மேல் ஒரு மனு

"பதினாலு," என்றார் லுத்ஃபி, ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்காமல். "நேத்து பதினொண்ணு. இன்னைக்குப் பதினாலு."

கீழே காபிக் கடை வாசலில் பச்சைப் பை கட்டிய மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக நின்றன. எல்லாம் அனீஸ் என்பவனுடைய 'பர்க்' நிறுவனத்து வண்டிகள். துனிஸ் நகரத்தில் செல்போனைத் தட்டினால் சாப்பாட்டை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கும் கம்பெனிகளில் சொல்லும்படியானவை இரண்டுதான். ஒன்று லுத்ஃபியின் 'ஸ்கூன்'. அதற்குச் சிவப்புப் பை, வயது ஏழு. இன்னொன்று இந்தப் பர்க். பிறந்து ஒன்றரை வருடம்தான் ஆகிறது.

"நம்ம வண்டி எத்தனை நிக்குது ஸீதி?" என்று கேட்டாள் கல்தூம். அந்த ஊரில் ஐயாவுக்கு ஸீதி. ஸ்கூனின் முதல் நாளிலிருந்து அலுவலகத்தைக் கட்டி மேய்ப்பவள் அவள்தான்.

"ஒண்ணு. அதுவும் பஞ்சர். ஊரே பச்சையாக் கிடக்கு, பார்த்தியா?"

"நமக்கும் ஏதோ போய்க்கிட்டுதானே இருக்கு. போன மாச அறிக்கை மேஜை மேல வச்சேன், நீங்க பிரிக்கவே இல்ல."

"நம்ம அறிக்கை எனக்கு எதுக்கு? நம்ம நிலைமை எனக்குத் தெரியாதா? அவனோடது கிடைக்குமான்னு பாரு."

அனீஸ் வேற்றாள் இல்லை. இரண்டு வருடம் இதே அறையில், இதே ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து "முதலாளி, முதலாளி" என்று வேலை பார்த்தவன். ஒரு நாள் கையைக் கட்டிக்கொண்டு வந்து நின்று, தனியாகத் தொடங்கப் போகிறேன் என்றான். லுத்ஃபியும் வாயார வாழ்த்தித்தான் அனுப்பினார். போண்டியாகித் திரும்பி வருவான் என்ற நம்பிக்கையில் வாழ்த்தியது அது. அவன் வரவில்லை. அன்று காலை தொலைக்காட்சியில்தான் வந்தான், 'தொழில்நுட்பத்தின் இளம் புலி' என்ற பட்டத்தோடு.

"அவன் கட்டியிருந்த டை, அவன் கல்யாணத்துக்கு நான் வாங்கிக் குடுத்தது," என்றார் லுத்ஃபி. அவருக்கு வயிறு எரிந்தது. அடுப்பில் வைத்தால் ஒரு சட்டி கொண்டைக்கடலை லப்லாபி கொதித்திருக்கும்.

அன்று மதியம் காபிக் கடையில் அவர் அரைமணி நேரம் உலக விவகாரம் பேசினார். இந்தச் செயலிக் கம்பெனிகள் முதலில் இனாமாகக் கொடுக்கும், பிறகு சின்ன மீன்களை விழுங்கும், கடைசியில் விலையை ஏற்றும். அரசாங்கம் குறட்டை விட்டுத் தூங்குகிறது. போட்டி என்பது செத்து விட்டது.

"ஸீதி, நாமளும் செயலிக் கம்பெனிதானே," என்றாள் கல்தூம்.

"நாம வேற," என்றார் லுத்ஃபி.

மறுநாளே, தொழில் போட்டியைக் கண்காணிக்கும் போட்டி ஆணையத்தின் படியேறி விட்டார். பன்னிரண்டு பக்க மனு. அதில் பர்க் என்ற பெயர் வந்த இடத்திலெல்லாம் 'சந்தையை விழுங்கும் ராட்சசன்' என்ற அடைமொழியும் வந்தது. விசாரணை அதிகாரி மேடம் நஜ்லா முழுவதையும் பொறுமையாகப் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ராட்சசன்னா எவ்வளவு பெரிய ராட்சசன்? நம்பர் இருக்கா?"

"நம்பர் எதுக்கு மேடம்? என் ஜன்னல்கிட்ட வந்து நின்னு பாருங்க."

"ஜன்னலைக் கோப்புல சேர்க்க முடியாது. ரெண்டு கம்பெனிக்கும் ஆள் அனுப்பி நாங்களே கணக்கு எடுத்துக்குவோம். உங்க நம்பரை அவர்கிட்ட சொல்ல மாட்டோம், அவர் நம்பரை உங்ககிட்ட சொல்ல மாட்டோம். அது சட்டம். ஒரு தடவை யோசிச்சுக்கிறீங்களா?"

"யோசிக்கிறதுக்கு ஒண்ணுமே இல்ல," என்று லுத்ஃபி கையெழுத்தைப் போட்டார். போட்ட கையோடு மனுவின் நகல் ஒன்றை ஒரு பத்திரிகை நிருபரிடமும் கொடுத்தார்.

மூன்றாம் நாள் முதல் பக்கத்திலேயே செய்தி வந்தது: 'துனிஸ் நகரை ஆளும் ராட்சசன் பர்க் — போட்டியாளரே ஒப்புதல்.'

அன்று காலை பத்து மணிக்குக் கஃப்தாஜி என்ற காய்கறிப் பொரியல் விற்கும் கடைக்காரர் ஷஅபான் போன் செய்தார். ஸ்கூனின் மூத்த வாடிக்கைக் கடை அவருடையது.

"லுத்ஃபி, தப்பா நினைக்காதே. அவன் அவ்வளவு பெரிய ஆளுன்னு எனக்குத் தெரியவே தெரியாதுப்பா. நீ எழுதினதைப் படிச்சப்புறம்தான் தெரிஞ்சுது. இனிமே பச்சைப் பை மட்டும் போதும்னு கையெழுத்துப் போட்டுட்டேன்."

"ஷஅபான், நான் அவனைத் திட்டி எழுதியிருக்கேன்."

"திட்டினாலும் அழகா எழுதியிருக்கே."

அந்த வாரத்தில் நாற்பது கடைகள் பச்சைக்குப் போயின. லுத்ஃபி தலையில் கை வைக்கவில்லை. "பார்த்தியா, விழுங்குறான். நான் சொன்னது நடக்குது," என்று கல்தூமிடம் ஒரு மாதிரியான திருப்தியோடு சொன்னார்.

ஒரு மாதம் கழித்து மேடம் நஜ்லா அவரை மட்டும் கூப்பிட்டனுப்பினார். மேஜை மேல் இரண்டு கம்பெனிக் கணக்கும் மூடிய கோப்பில் இருந்தன. அவர் அந்தக் கோப்பின் மேல் கையை வைத்தபடியே பேசினார்.

"ஸீதி லுத்ஃபி, நம்பரை நான் சொல்லக்கூடாது. ஆனா நீங்க மனுவை வாபஸ் வாங்கிக்கிட்டா இங்க யாரும் வருத்தப்பட மாட்டோம்."

லுத்ஃபிக்குச் சட்டென்று எல்லாம் விளங்கிவிட்டது. அனீஸ் இங்கேயும் வந்து பேசியிருக்கிறான். இளம் புலி அல்லவா, கை எவ்வளவு நீளம் பார்.

"வாபஸா? செத்தாலும் மாட்டேன்."

"சரி. அப்போ விசாரணை நடக்கும். உங்களுக்கு என்ன நஷ்டம்னு நீங்கதான் காட்டணும்," என்றார் மேடம் நஜ்லா, பெருமூச்சு விட்டுக்கொண்டு.

நஷ்டத்தைக் காட்டுவதற்கு லுத்ஃபி வானொலிக்குப் போனார். ஸ்கூன் மூழ்குகிறது, இன்னும் ஆறு மாதம் தாங்காது, என் வண்டிப் பையன்கள் நடுத்தெருவுக்கு வரப் போகிறார்கள் என்று தழுதழுத்தார். சொல்லும்போது அவருக்கே அழுகை வந்தது. நிலையத்தை விட்டு வெளியே வந்தபோது வண்டி ஓட்டுகிற முப்பது பேர் சிவப்புப் பைகளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள்.

"ஸீதி, மன்னிச்சுக்கோங்க. எங்களுக்கும் குடும்பம் இருக்கு. அனீஸ் ஆள் எடுக்கிறாராம்."

"யாருடா சொன்னா நான் மூழ்குறேன்னு?"

"நீங்கதான். இப்போ. ரேடியோவுல."

வீட்டிலும் விடவில்லை. அவர் மனைவி விதாத் தட்டை ணங்கென்று வைத்தாள்.

"மூழ்குறதை என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் லுத்ஃபி. மீன் கடைக்காரன் எனக்கு ஆறுதல் சொல்றான்."

"அது மூழ்குறது இல்ல விதாத், கேஸுக்காகச் சொன்னது."

"கேஸுக்காகச் சொன்னதைக் கேட்டு நிஜமாவே போயிட்டாங்களே. உனக்கு உன் கம்பெனி நல்லா இருக்கணுமா, அவன் கெட்டுப் போகணுமா? ஒண்ணைச் சொல்லு."

லுத்ஃபி வெகுநேரம் யோசித்தார். யோசிக்க வேண்டியிருந்ததே அவளுக்குப் பதிலாகப் போய்விட்டது.

நாலாவது மாதத்தில் அனீஸே அலுவலகத்துக்கு வந்தான். கையில் ஒரு பெட்டி மக்ரூத். பேரீச்சம்பழம் வைத்த அந்த இனிப்பைக் கைரவான் ஊரிலிருந்து வரவழைத்தானாம். நாற்காலியைக் காட்டியும் உட்காராமல் பழையபடி நின்றான்.

"முதலாளி, உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே எனக்குத் தெரியல."

"கிண்டலா?"

"ஐயோ, இல்ல முதலாளி. மனசாரச் சொல்றேன். நான் தனியா முட்டி மோதியிருந்தா பத்து வருஷமானாலும்..." அவன் முடிக்காமல் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

இப்படி நடிக்கத் தெரிந்தவன்தான் தொலைக்காட்சிக்குப் போகிறான் என்று நினைத்துக்கொண்டார் லுத்ஃபி. மக்ரூத்தைத் தொடவில்லை. அவன் படியிறங்கிய பிறகு நாலு சாப்பிட்டார்.

அடுத்த வாரம் கல்தூம் தலையைக் குனிந்தபடி வந்தாள்.

"ஸீதி, அங்க கூப்பிடுறாங்க. இங்க எனக்கு வேலையும் இல்ல. பதினோரு வண்டிக்கு மேலாளர் எதுக்கு?"

ஒரு நிமிடம் அவருக்கு நெஞ்சு வலித்தது. அடுத்த நிமிடம் முகம் மலர்ந்தது.

"போ. தாராளமாப் போ. உள்ள இருந்து எனக்கு நம்பர் மட்டும் சொல்லு."

"அவங்க உப்பைத் தின்னுட்டு அதைச் செய்ய மாட்டேன் ஸீதி. உங்க நம்பரையும் அங்க சொல்ல மாட்டேன்."

அதுவும் போயிற்று. மேஜை மேல் அறிக்கைகள் பிரிக்கப்படாமல் கிடந்தன. லுத்ஃபி மட்டும் தினமும் ஜன்னலுக்கு வந்தார். ஒரு விசித்திரம், இப்போதெல்லாம் காபிக் கடை வாசலில் பச்சை வண்டியே நிற்பதில்லை. பயந்து ஒளித்து வைக்கிறான் என்று முடிவு கட்டினார்.

ஐந்தாவது மாதம் தீர்ப்பு வந்தது. ஆணையத்தின் அறையில் மேடம் நஜ்லா உத்தரவை வாசித்தார். பர்க் நிறுவனம் சந்தையில் அறுபத்து மூன்று சதவீதத்தைக் கையில் வைத்திருக்கிறது. அது ஆதிக்க நிலை. இனிமேல் எந்த உணவகத்தையும் தன்னோடு மட்டும் கட்டிப்போடக் கூடாது. வருடத்துக்கு இரண்டு முறை ஆணையத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டும். அனீஸ் தலையாட்டிக் கேட்டுக்கொண்டான்.

லுத்ஃபிக்குக் காது இரண்டிலும் தேன் பாய்ந்தது. சொன்னேனா இல்லையா? அறுபத்து மூன்று. அரசாங்கமே முத்திரை போட்டுச் சொல்லிவிட்டது. ஐந்து மாதத்தில் முதல் தடவையாக அவர் அனீஸைப் பார்த்துச் சிரித்தார். மனைவிக்குப் போன் போட்டு, "ஜெயிச்சுட்டோம் விதாத்," என்றார். அவள் போனை வைத்துவிட்டாள்.

உத்தரவைக் கண்ணாடிச் சட்டம் போட்டு ஜன்னலுக்கு மேலே மாட்டிவிட வேண்டும் என்று தோன்றியது. சான்றிட்ட நகல் கேட்டுப் பதிவு அறைக்குப் போனார். அங்கே ஹாதி என்ற வயதான எழுத்தர் தட்டச்சுக்கும் முத்திரைக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தார். நகலை எடுத்து மேலும் கீழும் பார்த்துவிட்டு, முத்திரையை வாயால் ஊதி ஓங்கி ஒரு குத்துக் குத்தினார்.

"ராட்சசனைப் பிடிச்சுக் குடுத்தவன் நான்தான்," என்றார் லுத்ஃபி, கேட்காமலேயே.

"தெரியும் ஸீதி. இந்தக் கோப்பு முழுக்க நான்தானே அடிச்சேன்," என்றார் ஹாதி. "கேஸ் முடிஞ்சுபோச்சு, இனிமே சொன்னா தப்பில்ல. நீங்க மனுவோட வந்த அன்னைக்கு எழுபத்தொரு சதவீதம் உங்க கையில இருந்துது. இந்த உத்தரவை முதல்ல உங்க பேர்லதான் அடிச்சு வச்சிருந்தேன், அப்புறம் நீங்க இறங்குற வேகத்தைப் பார்த்து மேடம்தான் பேரையும் நம்பரையும் மட்டும் மாத்தச் சொல்லிட்டாங்க."