ஜூன் முப்பத்தொன்றில் பிறந்தவன்

சேரம்பாடி,
6 ஜூலை 2015
(இந்தத் தேதி காலண்டரில் இருக்கிறது. பார்த்துவிட்டுத்தான் எழுதினேன்.)

அன்பு மருமகன் விஜயனுக்கு உன் தாய்மாமன் முனியசாமி எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அத்தை மூக்கம்மாவும் மகள் ஜீவிதாவும் சுகம். மழையும் அட்டையும்கூட சுகம். கோயம்புத்தூரில் நீயும் உன் கம்ப்யூட்டரும் சுகமாக இருக்க வேண்டும். கோபப்படாமல் எழுத வேண்டும் என்று இரண்டு டம்ளர் டீ குடித்துவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

தேயிலை விலை விழுந்ததிலிருந்து தோட்டத்தில் ஆளைக் குறைக்கிறார்கள். வேலைப் பட்டியலில் பெயர் போனால் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போகும். ஜீவிதா மார்ச்சில் பிளஸ் டூ எழுதுகிறாள், அதுவரைக்குமாவது இந்தக் கூரை வேண்டும், எனக்கு வேறு ஆசை கிடையாது. இந்த நேரம் பார்த்து எங்கள் பெயர்களை எல்லாம் நீ எழுதிக் கொடுத்த வெப்சைட்டில் ஏற்றினார்கள். ஆபீஸ் கிளார்க் மெட்டில்டா மூன்று தடவை என் பிறந்த தேதியை அடித்தாள், மூன்று தடவையும் சிவப்பாக ஏதோ வந்தது. "ஏனுங்கண்ணா, நீங்க பொறந்த நாளை இது ஒத்துக்க மாட்டேங்குதுங்க" என்றாள். கடைசியில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுத்தான் மற்றதைச் சேமித்தாளாம். நாற்பது வருஷமாகக் கொழுந்து மூட்டை தூக்கினவன், பொறக்கவே இல்லையாம்!

அந்தத் தேதி வந்த கதை உனக்குத் தெரியாது. இலங்கையிலிருந்து கப்பலில் வந்து இறங்கியபோது மேசை போட்டு உட்கார்ந்திருந்த குமாஸ்தா நான் பிறந்த தேதியைக் கேட்டதற்கு, என் அப்பா பஞ்சாங்கப்படி "ஆனி முப்பத்தொண்ணுங்க" என்றார். ஆனிக்கு முப்பத்தொன்று உண்டு, அப்பா மேல் தப்பில்லை. குமாஸ்தா ஜூன் முப்பத்தொன்று என்று எழுதிவிட்டார். வரிசையில் பின்னால் நின்ற ஐந்து அப்பன்மாரும், எதற்கு வம்பு என்று, "நம்ம பயலுக்கும் அதேதாங்க" என்றார்கள். அப்படி இந்த லயத்தில் நாங்கள் ஆறு பேர், ஒரே தேதி, ஒரே வருஷம். தோட்டத்தை நடத்திய இத்தனை துரைமாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

உனக்குப் போன் போட்டால் நீ என்ன சொன்னாய்? "ஆபீஸ்ல இருந்து வர்றது வெறும் எழுத்து மாமா. அதைத் தேதியா மாத்துறப்ப, அப்படி ஒரு நாள் இருக்கான்னு வாசல்லயே கேக்கணும். கேக்காம உட்டா அதுபாட்டுக்கு ஜூலை ஒண்ணுன்னு எடுத்துக்கும், ஒருத்தருக்கும் தெரியாது." தெரியாட்டி போகட்டுமேப்பா! கொழுந்து நிறுக்கிற இடத்தில் நாங்களும்தான் மூட்டையைப் பிரித்து முற்றல் இலையைப் பொறுக்கி எறிகிறோம், அதுக்காகப் பறிச்சவளையா வெளியே தள்றோம்? உன் வாசல்காரனிடம் சொல்லி எங்கள் ஆறு பேரையும் உள்ளே விடு. ஜூலை ஒன்றோ ரெண்டோ, எதையாவது போட்டுத் தொலை. தேதி இல்லாதவனைத்தான் முதலில் கழிப்பார்கள்.

உன் அம்மாவிடம் மழையில் நனைய வேண்டாம் என்று சொல். நீ எழுதுகிற புரோகிராம் எல்லாம் ஓடட்டும், உனக்கு நல்ல பெண் அமையட்டும்.

இப்படிக்கு,
(உன் கணக்கில் இன்னும் பிறக்காத) மாமன்
முனியசாமி

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது மெட்டில்டா ஓடி வந்தாள். ஐம்பத்தெட்டு வயது முடிந்து வீட்டைக் காலி செய்ய வேண்டியவர்கள் பட்டியல் வெப்சைட்டிலிருந்து வந்துவிட்டதாம், எங்களுக்கும் ஐம்பத்தெட்டு முடிந்துதான் இருக்கிறது, ஆனாலும் எங்கள் ஆறு பேரில் ஒருத்தர் பெயரும் இல்லையாம். பிறந்த தேதி இல்லாதவனுக்கு அதால் வயதைக் கூட்ட முடியவில்லையாம். மருமகனே, மேலே எழுதியது ஒன்றையும் படிக்காதே. மார்ச் வரைக்கும் உன் வாசல்காரன் நன்றாக இருக்கட்டும். யாரையும் உள்ளே விட வேண்டாம்.