பல் டாக்டரின் கட்டைவிரல்

அன்பு மிகுந்த மச்சானுக்கு,

நலம். வீட்டில் அனைவரும் நலம்தானே? பதற வேண்டாம், என் உயிருக்கு ஒன்றும் இல்லை, வலது கட்டைவிரல்தான் போகப் பார்த்தது. எழுத இன்னும் கை வரவில்லை; நான் சொல்லச் சொல்லத் தங்கள் தங்கை எழுதுகிறாள்.

மழையில் ஸ்கூட்டர் சறுக்கியபோது கைப்பிடியை விட்டிருந்தால் முட்டி தேய்ந்ததோடு போயிருக்கும். விடவில்லை. கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டை ஒட்டி, மளுக்கென்று ஒரு சத்தம். சுளுக்கு என்று தைலம் தடவினேன். மறுநாள் என் கிளினிக்கில் மருந்துப் பாட்டிலின் மூடியைக்கூடத் திருக முடியவில்லை. எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "மூட்டுக்குள்ளயே உடைஞ்சிருக்கு. சின்னத் துண்டு இடத்துலயே நிக்குது, மீதி எலும்பை தசை இழுத்துட்டுப் போயிடுச்சு. வெறும் மாவுக்கட்டு தாங்காது, கம்பி வைக்கணும்." "வைக்கலேன்னா?" என்றேன். "சாப்பிடலாம். பல் பிடுங்க முடியாது." மச்சான், பிடிமானம் போனால் நான் எதைப் பிடித்துப் பிழைப்பது?

ஆபரேஷன் தியேட்டரில் கையை மட்டும் மரத்துப்போக வைத்தார்கள். டிரில்லைக் கையில் எடுத்த பிறகுதான் எலும்பு டாக்டர் கேட்டார்: "என்னைத் தெரியலையா? உங்ககிட்ட கடவாய்ப் பல் பிடுங்கிக்கிட்டேனே. எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்னீங்க." நான் கேட்டேன்: "வலிச்சுதா?" "இப்ப எதுக்கு அது" என்று டிரில்லை ஓட்டினார். கம்பி இறங்கியது. எக்ஸ்ரே திரையைப் பார்த்தவர், "எலும்பு உட்காரலையே" என்றார். "திறந்து ஸ்குரூ போடணும். சம்மதமா?" பாதிப் பல் வெளியே வந்த பிறகே சம்மதம் கேட்டுப் பழகியவன் நான், தலையாட்டினேன். நர்ஸ் அவர் நெற்றியைத் துடைத்தாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு கம்மென்று கிடந்தேன். கடைசியில், "உட்கார்ந்துடுச்சு" என்றார்.

கட்டுப் பிரித்து, விரலை மடக்கி நீட்டிப் பழகி, நேற்று கட்டைவிரல் சுண்டுவிரலைத் தொட்டது. அழுதுவிட்டேன் மச்சான்.

ஆகவே தாங்கள் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவர வேண்டாம். தங்கள் குடும்பத்தார் அத்தனை பேர் விரல்களும் சேதமின்றி நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
மாப்பிள்ளை

பி.கு.: அண்ணா, இது நான். கம்மென்றெல்லாம் கிடக்கவில்லை. டிரில் சத்தத்துக்கே இவர் போட்ட கூச்சலில், வெளியே காத்திருந்த ஒருத்தர் செருப்பைக்கூட மாட்டாமல் கிளம்பிவிட்டார். தாங்க முடியாமல் ஊசி போட்டுத் தூங்க வைத்தார்கள். ஸ்குரூ போட்டதே நான் சொல்லித்தான் இவருக்குத் தெரியும். இப்போது பல் பிடுங்கக் கை பழக வேண்டுமாம், முதல் ஆளாக என்னை நாற்காலியில் உட்காரச் சொல்கிறார். உடனே கிளம்பி வாங்க.