கிராம் கணக்கில் நிம்மதி

எடைக்கல்லுக்கும் தராசுக்கும் முத்திரை குத்துவது எங்கள் அலுவலகத்தின் வேலை. கடைக்காரர்கள் கொண்டுவருவார்கள், நாங்கள் நிறுத்துப் பார்ப்போம், சரியாக இருந்தால் முத்திரை, இல்லாவிட்டால் திட்டு. இப்படி யாருக்கும் கெடுதல் இல்லாமல் போய்க்கொண்டிருந்த இடத்துக்குத் தலைமையகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்து சேர்ந்தது. ஊழியர்களின் மனநலத்தை மேம்படுத்தும் உன்னத நோக்கத்துடன், புதன்கிழமைதோறும் பிற்பகலில் அனைவரும் வண்ண ஓவியம் தீட்டி, மனத்தில் உள்ளதைத் தாளில் இறக்கிவைக்க வேண்டும். விளையும் பலனை அளந்து தெரிவிக்க வேண்டும்.

என் மனத்தில் உள்ளது அலுவலகத்துக்கே தெரியும். என் மனைவி இதே துறையில், வேறொரு ஊர்க் கிளையில் இருக்கிறாள். மகள் அவளோடு. என்னை அங்கே மாற்றச் சொல்லி நான் கொடுத்த மனுவின் மேல்தான் மேலாளர் தினமும் டீ கிளாஸை வைக்கிறார். குழந்தை என்னைப் ‘போன் அப்பா’ என்று கூப்பிடுகிறாள். நிஜ அப்பா என்று வேறு ஒருவர் எங்கேயோ இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறாளோ என்னவோ, கேட்கப் பயமாக இருக்கிறது.

உள்ளதைச் சொன்னால், முதல் புதன்கிழமை சுகமாகத்தான் இருந்தது. எங்கள் முத்திரைக்காரர் கடலுக்கு நீலம் பூசிக்கொண்டே விசிலடித்தார். அவருக்கு விசிலடிக்க வரும் என்பதே அன்றுதான் தெரிந்தது. அதோடு விட்டிருக்கலாம். பலனை அளக்க வேண்டுமே. எங்களுக்கு அளக்கத் தெரிந்ததோ தராசு ஒன்றுதான். மேலாளர் ஒவ்வொரு படத்தையும் தட்டில் வைத்து, வெறும் தாளின் எடையைக் கழித்து, மீதியை எழுதிக்கொண்டார்.

நான் இருட்டில் ஒரு வீடு வரைந்திருந்தேன். நாலு பூச்சு கறுப்பு.

"எவ்வளவு பெயின்ட் இறங்கியிருக்கோ, உள்ள அவ்வளவு துக்கம் இருந்திருக்கு" என்றார் மேலாளர். "இந்த நிலைமையில உங்களை மாத்தினா அந்த ஊர் என்னத்துக்கு ஆகும்?"

அடுத்த வாரம் அதே வீட்டைப் பென்சிலால் வரைந்து மஞ்சளை லேசாகத் தடவிக் கொடுத்தேன். இங்கேயே இவ்வளவு சந்தோஷமாக இருப்பவருக்கு மாற்றம் எதற்கு என்று கேட்டார்.

"ரெண்டுக்கும் நடுவுல வந்தா சார்?"

"நீங்க இன்னும் ஒரு முடிவுக்கு வரலைன்னு அர்த்தம். திரும்ப வரையணும்."

அதற்குள் மற்றவர்கள் தேறிவிட்டார்கள். காய்ந்த பெயின்டை பிளேடால் சுரண்டி நிம்மதியைக் கூட்டிக்கொண்டார்கள். முத்திரை வாங்க வந்த கடைக்காரர்களும் வரைய வேண்டும் என்று ஆயிற்று. பாவம், காய்கறிக்காரர் ஒருவர் கூடை நிறையத் தக்காளியை ஆசை ஆசையாகச் சிவப்பில் தீட்டிவிட்டார். மனம் சீரடையும்வரை அவருடைய தராசுக்கு முத்திரை கிடையாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. போங்கடா என்று வெற்றுத்தாளைக் கொடுத்தேன். மேலாளர் நிறுத்தார். தட்டை ஊதிவிட்டு மறுபடி நிறுத்தார். பிறகு நாற்காலியை விட்டு எழுந்து நின்றார்.

"துக்கமே இல்லாத மனுஷனை என் சர்வீஸ்ல இப்பதான் பாக்கறேன்" என்றார். கண் கலங்கியிருந்தது.

தலைமையகம் என்னை மண்டல மனநல எடையாளராக நியமித்தது. எல்லாக் கிளைகளின் படங்களும் இனி என்னிடம் வரும். தனி அறை, கண்ணாடிப் பெட்டிக்குள் தராசு. இப்பேர்ப்பட்ட அரிய மனிதரை இடம் மாற்றுவது பொதுநலனுக்கு உகந்ததல்ல என்று என் மனுவை முடித்துவைத்தார்கள். இந்தக் கண்றாவியை மனைவியிடம் எந்த வாயால் சொல்வது? சொல்லவில்லை.

ஊழியர்களின் கூச்சத்தை மதித்து, படங்கள் பெயரில்லாமல் எண்ணோடு மட்டும் வந்தன. ஆரம்பத்தில் ஒவ்வொன்றையும் உட்கார்ந்து பார்த்தேன். போகப்போகத் தட்டைத்தான் பார்த்தேன். மாற்றம் கேட்டவர் என்ற குறிப்போடு ஒரு படம் வந்தது. ஒரு வீடு, வாசலில் தொப்பை வைத்த ஆள், அவன் தோளில் ஒரு சின்னப் பெண். மெல்லிய பூச்சு, எடையே இல்லை. மகிழ்ச்சியாக உள்ளார், மாற்றம் தேவையில்லை என்று எழுதினேன். எனக்கும் கொஞ்சம் கலை வந்துவிட்டதல்லவா, ஆணின் வயிறு தேவைக்கு மேல் பெரிது என்று ஒரு வரி சேர்த்தேன்.

அந்த வாரக் கடைசியில் மனைவி போன் செய்தாள். நான் அங்கே வர முடியாமல் தவிக்கிறேனே என்று, அவளே இங்கே மாற்றல் கேட்டிருக்கிறாள். கிடைத்ததும் குழந்தையோடு வந்து நின்று என்னை அசத்தலாம் என்று சொல்லாமல் வைத்திருக்கிறாள்.

"நம்ம மூணு பேரும் இருக்கப்போற வீட்டைத்தாங்க வரைஞ்சேன். சந்தோஷமா இருக்கேன்னு எழுதிட்டான் எவனோ ஒருத்தன்" என்றாள். "உங்க வயிறு பெருசுன்னு வேற எழுதியிருக்கான்."

நான் குனிந்து என் வயிற்றைப் பார்த்தேன். அவள் வரைந்தது சரியாகத்தான் இருந்தது.

"ஏங்க, அப்படி எழுதினவன் வீட்ல பொண்டாட்டி புள்ளன்னு யாராவது இருப்பாங்களா?"

"இருக்க மாட்டாங்க" என்றேன். யோசித்துப் பார்த்தால் அதில் பொய்யும் இல்லை.