நாலாவது துண்டு

இலங்கை மலையகத்து ஹட்டனில் கம்ப்யூட்டரை மரியாதையோடு நடத்திய ஒரே மனிதர் வாத்தியார் துண்டு சேர்தான். மெசின் இழுத்தால், "கொஞ்சம் பொறுங்க, யோசிக்கிறாங்க" என்பார். தோளில் துண்டு போட்டதால் வந்த பெயர் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் சொந்தமாக லிங்கர் என்றொரு புரோகிராம் எழுதி வைத்திருந்தார். அதனால் வந்த பெயர்.

இரண்டாயிரத்தின் தொடக்கம். பேக்கரிக்கு மேல்மாடியில் கம்ப்யூட்டர் வகுப்பு, ஆசிரியர்கள் நாங்கள் இருவர். அவர் புரோகிராம் சொல்லிக்கொடுத்தார். நான் டைப்பிங், அதுவும் இரண்டு விரலால்.

லிங்கர் என்றால் என்ன என்று கேட்டவர்கள் மாட்டினார்கள்.

"நோவுன்னா டிக்கோயா ஆஸ்பத்திரிக்குத் தோட்டத்துல சீட்டெழுதித் துண்டு குடுக்கிறாங்கல்ல? அதேதாங்க. புரோகிராமுக்கு வேண்டிய வேலைக்காரன் வேற ஃபைல்ல இருக்கான். எங்க இருக்கான்னு ஓடும்போதுதான் தெரியும். அதனால அவன்கிட்ட அனுப்பி வைக்க ஆளுக்கொரு துண்டு. லிங்கர் மொதல்ல எத்தனை துண்டுன்னு எண்ணும். அத்தனைக்கு மட்டும் எடம் விடும். பொறகுதான் எழுதும்."

அவர் லிங்கரில் எண்ண ஒரு பிளாப்பி, எழுத இன்னொரு பிளாப்பி. நடுவில் பால் போடாத ஒரு பிளேன்டீ. அந்தப் பிளேன்டீதான் என் கல்யாணத்தைக் குடிக்கப் பார்த்தது.

மாப்பிள்ளைக்கு நிஜமாகவே கம்ப்யூட்டர் வேலைதானா என்று பார்க்க, மஸ்கெலியாவிலிருந்து பெண்ணின் அப்பா வருவதாகச் சொல்லியனுப்பினார். தோட்ட டிஸ்பென்சரியில் துண்டைப் பார்த்து மருந்து கொடுப்பவர். என் மானத்தைக் காப்பாற்ற துண்டு சேர் ஒரு புரோகிராம் செய்தார். வணக்கம் சொல்லும், மாமா பெயரைப் பூவுக்குள் காட்டும், நாதஸ்வரம் வாசிக்கும். மூன்று வேலை, மூன்று துண்டு. எண்ணிவிட்டுப் பிளேன்டீக்குக் கீழே இறங்கினார்.

வந்தவரை வழியனுப்ப வேண்டாமா? துண்டு சேரின் ஃபைலில் சும்மா கிடந்த 'போயிட்டு வாங்க'வையும், மேல்வரியைப் பார்த்து அதே மாதிரி, இரண்டு விரலால் புரோகிராமில் சேர்த்துவிட்டேன். அவர் வந்து எழுதும் பிளாப்பியைப் போட்டார். நாலாவது துண்டுக்கு ஏது இடம்? அது போய்ப் புரோகிராமின் முதல் வரிமேல் உட்கார்ந்துகொண்டது.

மாமா வந்து அமர்ந்தார். தட்டினேன். திரை முழுக்க, 'போயிட்டு வாங்க.'

"இப்பத்தானேங்க வந்தேன்?"

மறுபடி தட்டினேன். 'போயிட்டு வாங்க.' மூன்றாம் தடவை மாமா குடையை எடுத்துவிட்டார்.

"மெசினே வேணாங்குது. நம்ம புள்ளைக்கு வேற எடம் பார்த்துக்கிறோங்க."

துண்டு சேர் திரையைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். என் இரண்டு விரல்களையும் பார்த்தார்.

"இருங்க ஐயா. மாப்பிள்ள மேல தப்பில்ல. நாலு துண்டுக்கு மூணு எடம் விட்டுட்டேன். நாந்தான் தப்பா எண்ணிட்டேன்."

மாமா குடையைக் கீழே வைத்தார். "அட, எங்க டிஸ்பென்சரியிலயும் இதே கூத்துதாங்க! எண்ணாம துண்டு குடுத்துர்றானுங்க. பெஞ்சில எடமில்லாம எம்மடியில வந்து உக்கார்றாங்க!" சிரிக்கத் தொடங்கியவர் தேதி குறித்துவிட்டுத்தான் போனார்.

எண்ணிக்கை ஒன்று பிசகினால் அன்றைக்குச் சோறு இறங்காது துண்டு சேருக்கு. தப்பா எண்ணிட்டேன் என்று அவர் வாயால் நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். அன்று அவர் சரியாகத்தான் எண்ணியிருந்தார்.