ஒன்பது முடிச்சு லண்டன்

எங்கள் ஊர் விஸ்வநத்தத்துக்கும் லண்டனுக்கும் நடுவே உள்ள வானத்தை ஏரோப்ளேன் அண்ணாச்சி அளவுக்கு அறிந்தவர் உலகத்திலேயே கிடையாது. விமானிகளையும் சேர்த்தே சொல்கிறேன். இத்தனைக்கும் மனிதர் விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி. பக்கத்திலிருக்கும் திருத்தங்கலுக்கு பஸ் ஏறினாலே வாந்தி எடுப்பார்.

அறுபதுகளில் எங்கள் பட்டாசுக் கம்பெனியில் அவர் திரி வெட்டும் மேஸ்திரி. நான் ஆபீஸ் கிளார்க். வெடிச் சத்தத்துக்குப் பயந்து காதில் பஞ்சு வைத்துக்கொண்டு கடிதம் எழுதிய வீரன். இவ்வளவு நீளத் திரி இவ்வளவு நேரம் எரியும் என்று வெட்டி வெட்டி, அவருக்கு நீளமும் நேரமும் ஒன்றாகிவிட்டன. ஒரே மகள் நர்ஸ் வேலைக்காகக் கப்பலேறி லண்டன் போனதும், மிஷன் பள்ளிக்கூடத்து உலக உருண்டையில் மருந்தேற்றாத திரிநூலை வைத்து அளந்தார். ஐந்நூறு மைலுக்கு ஒரு முடிச்சு. ஒரு முடிச்சு என்றால் ஒரு மணி நேரம். லண்டன் முதல் பம்பாய் வரை ஒன்பது முடிச்சு.

"கப்பல்ல போனவ ஏரோப்ளேன்லதாம்லே திரும்புவா, பாரு!"

கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரைக்கூட விடமாட்டார். "பம்பாய்க்கும் மெட்ராசுக்கும் எம்புட்டு நேரம், சொல்லுங்க பாப்பம்?" அந்த ஆளின் ரசம் ஆறிப்போகும். அவரைக் கண்டால் முதலாளியே லோடு லாரிக்குப் பின்னால் ஒளிவார்.

ஒரு விடியற்காலையில் அவர் மனைவி இறந்துபோனார். லண்டனுக்குத் தந்தி அடித்தோம். "அவ வந்து மொகம் பாக்காம பெட்டிய மூடக் கூடாது" என்று அடக்கத்தை மூன்றாம் நாளுக்குத் தள்ளிவைத்தார் அண்ணாச்சி. தந்தி கண்டதும் மகள் ராத்திரியே ஏறியிருப்பாள், லண்டனில் நடுராத்திரி என்றால் இங்கே விடியற்காலை என்பது அவர் கணக்கு.

மறுநாள் காலை, பெட்டிக்குப் பக்கத்தில் நூலோடு உட்கார்ந்தார். மணிக்கொரு முடிச்சாக அவிழ்த்தார்.

"மச்சான், புள்ள எங்கன வருது?" என்று கொழுந்தியாள் கேட்பாள்.

"ரோம் தாண்டிட்டா."

அழுகை சற்று அடங்கும். பிறகு, "கெய்ரோ. எண்ணெய் போடுறான்."

மத்தியானம் கம்பெனி விலாசத்துக்குப் பதில் தந்தி வந்தது. லீவு கிடைக்கவில்லை, வர முடியாது, அம்மாவை அடக்கம் செய்துவிடுங்கள். இங்கிலீஷ் படிக்கத் தெரிந்த பாவத்துக்கு அதை நான்தான் கொண்டுபோனேன். சொல்லத் தைரியம் வரவில்லை. சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அவர் இரண்டு முடிச்சு அவிழ்த்தார்.

எட்டாவதை அவிழ்த்துவிட்டு என் பக்கம் குனிந்தார்.

"ஏலே, பையில இருக்கத குடு."

"அண்ணாச்சி..."

"உள்ள வாரப்பவே பையப் பொத்திக்கிட்டுத்தான வந்த? வரலைன்னு போட்டிருக்காளா?"

தலையாட்டினேன். "தெரிஞ்சுமா அண்ணாச்சி, இம்புட்டு நேரம்..."

"அவ அம்மைக்காக பம்பாய்க்கிட்டயாச்சும் வரட்டும்னு பாத்தேம்லே."

ஒன்பதாவது முடிச்சை அவிழ்க்காமல், நூலை மனைவியின் விரல்களில் சுற்றினார். அன்று சாயங்காலமே அடக்கம்.

அதற்குப் பிறகு அவர் வாயிலிருந்து ஒரு மைல்கூட வரவில்லை. பந்தியில் எல்லோருக்கும் ரசம் சூடாகவே கிடைத்தது. யாருக்கும் இறங்கவில்லை.

பல வருஷம் கழித்து நானும் ஒருமுறை மெட்ராசிலிருந்து பம்பாய்க்குப் பறந்தேன். அண்ணாச்சி சொல்லிவந்த நேரத்துக்குப் பத்து நிமிஷம் பிந்தி இறங்கினோம். விமானத்தின் மேல்தான் எனக்கு இன்னும் சந்தேகம்.