'மாட்டேன்' அண்ணனின் பாட்டுக்கடை

வாடிக்கையாளரைத் துரத்துவதற்கென்றே கடை திறந்து வைத்திருந்த ஒரே வியாபாரி, உலகத்திலேயே மலேசியாவில் எங்கள் கிள்ளான் ஊர் 'மாட்டேன்' அண்ணன்தான். பாட்டு சிடியும் பட டிவிடியும் விற்கிற கடை. எதைக் கேட்டாலும் அவர் வாயில் முதலில் வருவது அந்த ஒரு வார்த்தைதான்.

நிச்சயதார்த்தம் முடிந்த பையன் சோகப் பாட்டு கேட்டான். "தரமாட்டேன். முதல்ல கல்யாணம் பண்ணு. அப்புறம் வா, நானே எடுத்துத் தரேன்" என்று அனுப்பிவிட்டார். படம் வாங்க வந்த ஆன்டியிடம், "கடைசியில ஹீரோ செத்துடுவான், பரவாயில்லையா?" என்று கேட்டு வியாபாரத்தைக் கெடுத்துக்கொள்வார்.

பாட்டெல்லாம் கைபேசிக்குள் போனதும், பக்கத்துப் பாட்டுக்கடைகள் ஒவ்வொன்றாகக் கைபேசி உறை விற்கப் போய்விட்டன. அண்ணன் அசையவில்லை. தீபாவளிக்குள் வியாபாரம் தேறாவிட்டால் காலி செய்ய வேண்டும் என்று கட்டட முதலாளி கறாராகச் சொல்லிவிட்டார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. சொந்தபந்தங்களைத் திரட்டி ஒரு சனிக்கிழமை கடைக்குள் இறக்கினேன். ஆளுக்கு ஒரு கை நிறைய சிடி. அண்ணன் முகம் மலரும் என்று பார்த்தால், முதலில் நின்ற என் மச்சானை முறைத்தார்.

"வீட்டுல ப்ளேயர் இருக்கா?"

"இல்லண்ணே."

"அப்புறம் இத வச்சு என்னா பண்ணுவ?"

"சும்மா... உங்களுக்கு ஒரு சப்போர்ட்டுக்கு..."

"பாட்டு கேக்கறவனுக்குத்தான் விப்பேன். பாவம் பாக்கறவனுக்கு விக்கமாட்டேன். எடுத்த எடத்துல வச்சிட்டுப் போ லா!"

மொத்தக் கூட்டமும் வெறுங்கையோடு வெளியே வந்து நின்றது. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"வீம்புக்கும் ஒரு அளவு வேணாமாண்ணே? கடை போயிடும்!"

"போவட்டும். கடைதான போவுது? நான் எங்க போறேன்?"

சொன்னபடியே கடை போனது. அங்கேயும் இப்போது கைபேசி உறைதான். அண்ணன் மட்டும் போகவில்லை. பக்கத்து ஊரான பந்திங்கின் பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில், கருவாட்டுக்காரருக்குப் பக்கத்தில் மேசை போட்டுவிட்டார். ஸ்பீக்கர் முன்னைவிடப் பெரிது. பழைய லோரி ஓட்டுகிறவர்கள் தேடி வந்து வாங்குகிறார்கள். ப்ளேயர் இருக்கிறதா என்ற விசாரணை மட்டும் குறையவில்லை.

ஜெஞ்சாரோம் ஊர் வழியாக நானும் ஒருநாள் அந்தச் சந்தைக்குப் போனேன். எனக்கும் முதலில் மாட்டேன்தான். என் காருக்குள் உட்கார்ந்து, சிடியைப் போட்டு, முழுப் பாட்டையும் கேட்டு முடித்தார். "ம்ம், பாடுது" என்று சொல்லிவிட்டுத்தான் விற்றார். எனக்கு ஏதோ பரீட்சையில் தேறிய சந்தோஷம்.

அந்தக் காரில் இப்போது ஏர்கான் வேலை செய்வதில்லை. விற்றுத் தொலைக்கச் சொல்லி மனைவி தினமும் நச்சரிக்கிறாள். புதுக் கார்களில் சிடி போட இடமே இல்லையாம்.

மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.